காலிக் கிண்ணத்தால் வந்த சங்கடம்

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
சனிக்கிழமை

சௌபாக்கியவதி சுகந்தாவுக்கு உன் அக்கா பத்மாசனி எழுதுவது. இங்கே நானும் கௌசிகனும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எல்லா அளவிலும் நலமாக இருக்க ரங்கநாதர் அருள வேண்டும்.

கௌசிகன் விரும்புகிற ஹருமியின் தாயார் ஒஸாகாவிலிருந்து வந்திருக்கிறார். நேற்று ராத்திரி நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்வதாக ஏற்பாடு. "ரெஸ்டாரண்ட்ல புக் பண்ணிடறேம்மா" என்றான். சம்பந்தியம்மாளுக்கு ஹோட்டல் சாப்பாடா? அவர்கள் ஊர்ச் சமையலையே என் கையால் செய்து போடுவது என்று தீர்மானித்தேன். நான் தீர்மானித்தால் மாறுவேனா?

அதற்கு நாபே என்று பெயர். மேஜை நடுவில் சின்ன கேஸ் அடுப்பு, அதன்மேல் மண்சட்டி, கடற்பாசி ஊறிய சாறு கொதிக்கக் கொதிக்க அதில் முட்டைக்கோஸ், காளான், டோஃபு எல்லாம் போட்டு, சுற்றி உட்கார்ந்து அவரவர் குச்சியால் எடுத்துச் சாப்பிட வேண்டுமாம். வாயில் வைத்த குச்சி மறுபடி சட்டிக்குள்ளா? எச்சில் இல்லையா என்றால், "கொதிக்கறதேம்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறான், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பிள்ளை! நான் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். கிமிகோ அம்மாள், அதுதான் அந்தத் தாயார், குச்சியை நீட்டுமுன்பே கிண்ணத்தை நிரப்பினேன். வீட்டுக்காரி நின்று பரிமாறுவதுதானே முறை. தலை குனிந்து வணங்கி, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நிரப்பினேன். சாப்பிட்டார். நிரப்பினேன். சால்வையைக் கழற்றினார், அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பை அணைக்கச் சொன்னார், சாப்பிட்டார். ஹருமி, கௌசிகன் சொல்லிக் கொடுத்த தமிழில், "போதும் அம்மா" என்றாள். போதும் என்று சொல்லாத விருந்தாளி உண்டா? நிரப்பினேன்.

கௌசிகன் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனான்.

"மிச்சம் வெச்சா சமைச்சவாளுக்கு மரியாதை இல்லேன்னு நினைக்கறவாம்மா அவா. நீ போடப்போட சாப்ட்டுண்டேதான் இருப்பா. கொன்னுடாதே!"

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"சாப்பாடு போட்டே ஒருத்தரைக் கொல்லுவேன்னு யாருக்கும்மா தெரியும்?"

திரும்பி வந்தால் கிமிகோ அம்மாள் எழுந்து நிற்கிறார், கையில் என் கரண்டி. என் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். என் கிண்ணத்தை நிரப்பினார். தட்டில் பருக்கை மிஞ்சினால் கான்வென்ட்டில் மதர் பெர்னதெத் முட்டி போட வைத்து வளர்த்த நம்மால் மிச்சம் வைக்க முடியுமா? வழித்துச் சாப்பிட்டேன். மறுபடி நிரப்பினார். சுகந்தா, அந்தக் கண்ணில் இரக்கமே இல்லை. மிஞ்சிய சாற்றில் சாதத்தைப் போட்டுக் குழைய விட்டு அதையும் ஊற்றினார். மூச்சு முட்டியது, ஆனாலும் நான் விடவில்லை. பிறகு குனிந்து வணங்கினார், வாயே திறக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே சம்பந்தம் முறிந்தது. மண்டபம் பார்க்காதே, யாரிடமும் மூச்சு விடாதே. கௌசிகன் என்னோடு பேசவில்லை. ஆனால் சாறு மிக நன்றாக வந்திருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பத்மாசனி

பி.கு.: உறையை ஒட்டப் போகிறேன், கிமிகோ அம்மாள் ஹருமியோடு வாசலில் நிற்கிறார். நேற்று வாயைத் திறந்தால் என்ன வெளியே வருமோ என்ற பயத்தில்தான் பேசவில்லையாம். இந்த வீட்டில் பெண் பட்டினி கிடக்கமாட்டாள் என்று நிச்சயமாகிவிட்டதாம், சம்மதம். உடனே மண்டபம் பார். ஒரே நிபந்தனை, கல்யாணத்தன்று நான் கரண்டியைத் தொடாமல் அவர் பக்கத்தில் பந்தியில் உட்கார வேண்டும். ஒத்துக்கொண்டேன், முதல் பந்திக்கு மட்டும்.