ஃபிட்டர் வெள்ளியங்கிரிக்கு அம்மை

காய்ச்சல் என்றுதான் முதலில் சொல்வதாக இருந்தது. அதை அம்மை என்று மாற்றியது அவன் பெண்டாட்டி அம்சவேணி.

"காய்ச்சல்னா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மோசஸ் கண்ணாடிக் குழாயைத் தூக்கிட்டு வந்துருவாருங்க. வாயில வெச்சுப் பார்த்தாச் சூடு இருக்காது. அம்மைன்னு சொல்லிப்போடுங்க. ஒருத்தரும் ஊட்டுக்குள்ள வரமாட்டாங்க."

"மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டாளா புள்ள?"

"வேலை கெடச்சதும் கூழு ஊத்திப் போடலாமுங்க."

வெள்ளியங்கிரிக்கு அது நியாயமாகவே பட்டது. குன்னூருக்குக் கீழே வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தேயிலை ஃபாக்டரியில் அவன் பதினெட்டு வருஷமாக ஃபிட்டர். இலை உலர்த்தும் டிரையரில் தகடு எங்கே கிழிந்தாலும் ஒட்டுப் போட்டு ரிவிட் அடிப்பான். அவன் அடித்த இடத்தில் காற்றுக்கூடக் கசியாது.

உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். மைசூர்ச் சீமையில் சர்க்கார் நடத்துகிற விமானத் தொழிற்சாலையில், இனிமேல் குண்டு சுமக்கிற விமானம் வேண்டாம், ஜனங்கள் ஏறிப்போகிற விமானம் செய்வோம் என்று ஆரம்பித்திருந்தார்கள். ரிவிட் அடிக்கத் தெரிந்தவர்கள் தேவை, வயது நாற்பதுக்குள். குன்னூர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த நூர் அகமதுதான் பேப்பரில் பார்த்துச் சொன்னார். இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதிப் போட்டவரும் அவரே. இப்போது எங்கே வேலை என்று கேட்ட இடத்தில், எஸ்டேட் பேரையும் துரை பேரையும் எழுதிவிட்டார்.

"துரைக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுப்போடுவாரே பாய்! வேலையும் போயிரும், ஊடும் போயிரும்!"

"அட, அவங்க எதுக்குங்க துரைகிட்டப் போயி விசாரிக்கப் போறாங்க?"

அன்றிலிருந்து துரை பக்கத்தில் வந்தாலே வெள்ளியங்கிரி டிரையருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். போன மாதம் துரை டிரையர் முன்னால் வெகுநேரம் நின்று, அவன் போட்ட ஒட்டைத் தடவிப் பார்த்து, போட்டோ வேறு எடுத்துக்கொண்டு போனார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் நூர் அகமது கடைக்குப் பதில் வந்தது. முப்பதாம் தேதிக்குள் நேரில் வரவும். முப்பது என்பது வரும் திங்கட்கிழமை. அடுத்த மாதம் அவனுக்கு நாற்பது முடிகிறது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் விமானம் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை, ஃபாக்டரியில் தனக்கு எடுபிடியாக இருந்த அழகர்சாமியிடம், "எனக்கு அம்மை போட்டிருக்குதுன்னு துரைகிட்டச் சொல்லிப்போடு" என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பினான். ரிவிட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பதுதான் அழகர்சாமியின் வேலை. அதையும் பாதி நேரம் கோணலாகக் கொடுப்பான்.

மூன்று நாள் லீவு வரும் என்று பார்த்தால், பதினைந்து நாள் உத்தரவு வந்தது. அந்த வீட்டிலிருந்து ஈகூட வெளியே வரக்கூடாது. காவலுக்கு வாட்ச்மேன் இசக்கிமுத்து, கையில் ஒரு நீளக் கம்போடு.

பக்கத்து வீட்டு வேலாமணி சும்மா இருக்கவில்லை. குன்னூர்க் குளிருக்கு வேப்பமரம் ஏது? மேட்டுப்பாளையத்துக்கு ஆள் அனுப்பி, ரயிலில் வேப்பிலை வரவழைத்து வாசலில் செருகினாள். இளநீரையும் கம்பங்கூழையும் தூரத்தில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அந்தக் கூழைக் குடிக்கும்போது வெள்ளியங்கிரிக்கு, இப்படிப்பட்டவர்களை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தொப்பி போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழுப்புக் கவர்.

"வெள்ளியங்கிரி இருக்காரா? ஒரு நிமிஷம் பார்த்தாப் போதும். ஒரு கையெழுத்து வாங்கணும்."

வெள்ளியங்கிரி கம்பளிக்குள் புகுந்தான். "அம்மை குத்தறவன்டி! கொப்புளம் எங்கேன்னு கேப்பான். கையெழுத்து வேற வாங்கறான்னா கேஸ் போடத்தான். எப்படியாச்சும் முடுக்கிவுடு!"

அம்சவேணி வாசலுக்குப் போனாள். "கிட்ட வராதீங்க சாமி! கையெல்லாம் கொப்புளமுங்க. பேனாப் பிடிக்க முடியாதுங்க."

"கையிலயா?" அவர் முகம் விழுந்துவிட்டது. "எப்போ குணமாகும்?"

"மூணு மாசம் ஆகுமுங்க. கண்ணு தெரியறதே சந்தேகமுங்க."

அவர் கவரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மெதுவாக இறங்கிப் போனார்.

"நீ டிராமாவுல சேர்ந்திருக்கோணும் புள்ள" என்றான் வெள்ளியங்கிரி, கம்பளிக்குள்ளிருந்து.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பின்பக்கமாக இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்தபடி பஸ் ரோட்டுக்கு நடந்தான். பாதி வழியில் அவன் மார்பில் ஒரு கம்பு வந்து முட்டியது.

"எங்கவே போறீரு?" என்றான் மறுமுனையில் இசக்கிமுத்து.

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் ஏரோப்பிளேன் செய்யப் போறேன்."

"ஐயையோ! சுரம் தலைக்கு ஏறிட்டே!"

கம்பாலேயே வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டான். திங்கட்கிழமை மைசூர் பஸ் ஹாரன் அடித்தபடி போனது. வெள்ளியங்கிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதான். அம்சவேணி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பதினைந்து நாள் கழித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். ஃபாக்டரி வாசலில் துரை அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தழும்பும் இல்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

டிரையர் பக்கம் அழகர்சாமியைக் காணோம். மோசஸ்தான் மருந்துப் பெட்டியோடு நின்றிருந்தார்.

"அழகர்சாமி எங்கீங்க?"

"சர்க்கார் ஏரோப்பிளேன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டான். இன்னிக்குப் பத்து நாளாச்சு."

"அவனுங்களா? அவனுக்கு ஒரு ரிவிட்டு நேரா அடிக்கத் தெரியாதுங்களே! அவன் விண்ணப்பமே போடலீங்களே!"

மோசஸ் அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"என்ன பண்றது வெள்ளியங்கிரி, உனக்குக் கை விளங்காதுன்னதும், உன்கூட முட்டுக் குடுத்தவனாச்சும் வரட்டும்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. கம்பெனியில விசாரிச்சதும் துரை உன் ஒட்டைப் போட்டோப் புடிச்சு, இவனை விட்டுடாதீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதி வரவழைச்ச அந்தத் தொப்பிக்காரர், உன் ஆர்டரைக் கையில வெச்சுக்கிட்டு முதல்ல உன் ஊட்டுக்குத்தானே வந்தாரு!"