தலைக்கு இரண்டு கரண்டி

அக்கா அத்தானைக் கடைசியாகத் திட்டியது ஒரு ஷாம்பூ மூடிக்காக.

"முடியே இல்லாத மனுஷன் என் ஷாம்பூவத் தொடுறதே தப்பு. தொட்டா, மூடியயாவது மூடி வைக்கக் கூடாதா?"

"முகம் கழுவினேன்டி. எனக்கு முகம் எங்க முடியுது, தலை எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. நான் சோப்பு போடுறதா, ஷாம்பூ போடுறதா?"

அக்கா சிரித்துவிட்டாள். மறுநாள் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஷாம்பூவாலும் அதன் கூட்டாளிகளாலும் மறுபடி பேச்சு வந்தது.

"அப்பா, இதையெல்லாம் எங்கயாவது எடுத்து வைங்க." மகள் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெளியூரில் வேலை, கட்டிக்கொள்ள நினைக்கும் பையனை அப்பாவுக்குக் காட்ட முந்தின நாள்தான் வந்திருந்தாள். "நாலு மணிக்கு அவங்க அம்மாவக் கூட்டிட்டு வர்றான். கை கழுவ உள்ள வந்தா என்ன நெனப்பாங்க? மொட்டத் தலைக்கு ஒம்பது பாட்டிலா?"

"மொட்ட இல்லம்மா. ஓரத்துல இருக்கு."

"அது முடி இல்லப்பா. பார்டர்."

அலமாரித் தட்டில் எலுமிச்சை ஷாம்பூ, வெள்ளைக் கண்டிஷனர், தேங்காய் எண்ணெய், இரண்டு சொட்டுக்கு மேல் எடுத்தால் அக்கா கையில் அடிக்கும் சீரம் எல்லாம் அவள் வைத்த வரிசையிலேயே நின்றன. வீட்டின் முன்னறையில் அவள் பியூட்டி பார்லர் நடத்தினாள். எதையும் முதலில் தன் தலையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிறர் தலையில் போடுவாள். "வேருக்கு ஷாம்பூ, நுனிக்குக் கண்டிஷனர். மாத்திப் போடுறவங்க என் கடைப்பக்கமே வராதீங்க" என்பாள்.

பாட்டில்களைப் பீரோவுக்குள் பூட்டி வைக்க அத்தானுக்கு மனம் வரவில்லை. தற்காலிகமாகத்தானே என்று சமையலறைத் தட்டில், வினிகருக்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில், அதே வரிசையில் அடுக்கினார்.

"அவங்க அம்மா எப்படிம்மா?"

"வரி ஆபீஸ்ல பெரிய அதிகாரி. சிரிச்சா அதுக்கும் ரசீது கேப்பாங்கன்னு அவனே சொல்றான். 'பாத்துட்டுச் சொல்றேன்'னுதான் சொல்லியிருக்காங்க. அவங்க வேண்டாம்னுட்டா அவன் எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டான்ப்பா." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பெரிசா எதுவும் வேண்டாம். அம்மா செய்யுற அந்த ஸ்ட்ராபெரி சாஸ், ஐஸ்கிரீம் மேல ஊத்திக் குடுத்தாப் போதும். அம்மா இல்லாத வீடு மாதிரி இருக்கக் கூடாது."

"இவ்ளோதானே? பழம், சர்க்கரை, எலுமிச்சம்பழம். மூணே சாமான். இத்தன வருஷம் அவ பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன்."

பக்கத்தில் நின்றது உண்மைதான். பார்த்ததெல்லாம் பாத்திரத்தை எப்போது வழித்து நக்கத் தருவாள் என்பதை மட்டும்.

மகள் ஐஸ்கிரீம் வாங்கவும் அவர்களை அழைத்து வரவும் கிளம்பினாள். அத்தான் பழங்களில் பாதியை நறுக்கி, சர்க்கரை கொட்டி, வீட்டில் இருந்த ஒரே எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து அடுப்பில் ஏற்றினார். அப்போது கைப்பேசி அடித்தது. அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தரும் வேலை. அவருடைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்களின் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது சிக்கிக்கொள்வது வழக்கம்.

"சார், சிக்னல்ல வண்டி நின்னுடுச்சு! பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க!"

"பதட்டப்படாத. அடிக்கிறவன் அடிக்கட்டும், அவனும் ஒருநாள் கத்துக்கிட்டவன்தான். கிளச்ச முழுசா அமுக்கு. கருகின வாசன ஏதாவது வருதா?"

"வருது சார்!"

"எனக்கும் வருதுப்பா," என்று சொல்லிவிட்டு, ஒரு விநாடி யோசித்து, அத்தான் அடுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

பாத்திரத்தின் அடியில் ரோடு போட்டது போல் ஒரு கறுப்பு.

மீதிப் பழங்களை வேறு பாத்திரத்தில் போட்டார். இம்முறை முதல் கியர்தான், அடுப்பு முனகியது. எல்லாம் நன்றாக வந்தது. ஆனால் எலுமிச்சை? மூக்குக்கண்ணாடி படுக்கையறையில் இருந்தது. தட்டில் எலுமிச்சம்பழப் படம் போட்ட ஒரு பாட்டில், 'என்னை எடு' என்பது போல் நின்றது. எடுத்தார். தாராளமாகவே ஊற்றினார்.

சாஸ் பொங்கியது. 'அவ செஞ்சப்பகூட இப்படிப் பொங்கினதில்ல' என்று பெருமையோடு ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டார். விட்டதும் கண் பிதுங்கியது. "ஐயோ" என்று வாயைத் திறந்தபோது, சத்தத்துக்குப் பதிலாக ஒரு குமிழி வெளியே வந்தது.

நாக்கில் வைக்க ஐஸ் தேடி ஃப்ரீசரைத் திறந்தார். உறைந்த பட்டாணிக்குப் பின்னால் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த பட்டையில் அக்காவின் உருண்டைக் கையெழுத்து: 'ஸ்ட்ராபெரி. தலைக்கு இரண்டு கரண்டி.'

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை மரத்துப் போகும்வரை டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

"பாத்தியா," என்றார், யாரும் இல்லாத சமையலறையில். "ஆளுக்கு எவ்ளோன்னுகூட எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கா."

திறந்தார். அதே சிவப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவள் கைதான், சந்தேகமே இல்லை. இதைப் பரிமாறிவிட்டால் அவ்வளவுதான். அவள் கையால் செய்தது என்று வேறெதுவும் வீட்டில் இல்லை. மூடி திரும்ப உள்ளே வைத்தார். மறுபடி வெளியே எடுத்தார். மகள் கேட்டது ஞாபகம் வந்தது. அம்மா இல்லாத வீடு மாதிரி இருக்கக் கூடாது.

நான்கு தலை, எட்டுக் கரண்டி. தன் தலையையும் சேர்த்துத்தான். முடி இல்லாவிட்டாலும் தலை தலைதானே?

நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பார்லரின் பெயர்ப்பலகை பெரிய தெருவைப் பார்த்து இருந்தது. வீட்டு வாசல் பக்கத்துச் சந்தில். மகள் சந்து வழியாகத்தான் கூட்டி வந்தாள். கூடத்துச் சுவரில் அக்காவின் படம் இல்லை. மாட்டிவிட்டால் உறுதியாகிவிடும் என்று அத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

பையனுக்கு உள்ளங்கை வியர்த்தது. பேண்டில் துடைத்துக்கொண்டே "அங்கிள்" என்று கை கொடுத்தான். அவன் அம்மா நல்ல உயரம். அடர்த்தியான கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே சோதனைக்கு வந்தவர் என்று தெரிந்தது.

"எத்தன வருஷமா இந்த வீட்டுல இருக்கீங்க?"

"கல்யாணமானதுலேருந்து, மேடம்." அத்தானையறியாமல் மேடம் வந்துவிட்டது.

மகள் ஐஸ்கிரீம் கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். அத்தான் ஒவ்வொன்றிலும் எண்ணி இரண்டு கரண்டி ஊற்றினார்.

அந்த அம்மாள் முதல் கரண்டியை வாயில் வைத்தார். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடினார். தாடை இறுகியது. இன்னொரு வாய் வைத்தார்.

"இதச் செஞ்சது யாரு?"

அத்தான் மகளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அடுத்த வாய் இறங்காது.

"நான்தான் மேடம்."

"எப்படிச் செஞ்சீங்க?"

"ரொம்பச் சுலபம். பழம், சர்க்கரை, எலுமிச்சை. மூணே சாமான்."

"தேன் இல்ல?"

"தேன்... அது நாலாவது சாமான்."

"தயிர்?"

"அஞ்சாவது."

"அப்பா, மூணுன்னுதானே சொன்னீங்க?" என்றாள் மகள்.

"மூணுலேருந்து ஆரம்பிக்கணும்மா."

அந்த நேரம் பார்த்து, சமையலறைக்கும் பார்லருக்கும் நடுவிலிருந்த கதவு படபடவென்று தட்டப்பட்டது. அத்தான் கும்பிடாத குறையாக எழுந்து ஓடினார். கதவுக்கு அந்தப் பக்கம் சுருட்டை. அக்காவிடம் தொழில் கற்றவள். இப்போது பார்லரை நடத்துபவள். முடியைப் பார்த்து அக்கா வைத்த பெயர்தான் அது. 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகைக்குப் பயந்து, கடை நேரத்தில் அத்தான் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

"அண்ணே, கையெல்லாம் சாயம், கதவத் திறக்க முடியல. ஃப்ரீசர்ல ஒரு வெள்ள டப்பா இருக்கும், கொஞ்சம் எடுத்து வைங்க. இங்க ஒரு கஸ்டமர் அடம் பிடிக்கிறாங்க, அக்கா போட்ட ஹேர் மாஸ்க்தான் வேணும்னு."

"ஹேர்... என்னது?"

"மாஸ்க்குண்ணே. தலைக்குப் போடுறது. மேலயே எழுதியிருக்குமே, தலைக்கு ரெண்டு கரண்டின்னு."

"தலைக்குன்னா... ஆளுக்குன்னு அர்த்தம் இல்லையா?"

"பார்லர்ல தலைக்குன்னா வேற என்னண்ணே அர்த்தம்?"

அத்தான் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். "அதுல என்னென்ன போட்டிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? கேட்டா தொழில் ரகசியம்னு சிரிப்பாங்க. ஏண்ணே, யாருக்காவது போட்டுட்டீங்களா?"

"நாலு பேருக்கு."

"முடி நல்லா வரும்ணே!"

"உள்ளேருந்தா?"

பதிலுக்குக் காத்திராமல் கூடத்துக்கு ஓடினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். "குடிங்க, நிறையக் குடிங்க. வெயில் அதிகம்." வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

பிறகு கிண்ணங்களைப் பிடுங்கப் பார்த்தார். "கிண்ணம் சின்னதா இருக்கு, மாத்தித் தர்றேன்."

"இருக்கட்டும்," என்றார் அந்த அம்மாள். கிண்ணத்தின் மேல் பிடி இறுகியது.

பையனின் கிண்ணம் சுலபமாக வந்துவிட்டது. ஆனால் பையனின் முகம் வெளுத்தது. "அங்கிள், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல தம்பி. நீ பொறந்ததே நல்ல நேரம்."

"அப்பா!" மகள் பல்லைக் கடித்தாள்.

வீரியத்தையாவது குறைக்கலாம் என்று, அந்த அம்மாள் கிண்ணத்தில் ஐஸ்கிரீமைக் குவித்தார் அத்தான். அவரோ ஐஸ்கிரீமை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, "சாஸ் இருந்தா இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

"தீந்துடுச்சு மேடம். ஒரு சொட்டுகூட இல்ல."

"டப்பால இருக்கேப்பா," என்று மகள் சமையலறையிலிருந்து டப்பாவோடு வந்தாள். விருந்தாளிக்கு இல்லை என்பதா? முறைத்துக்கொண்டே ஒரு கரண்டி ஊற்றினாள். இரண்டாவதை அள்ளினாள்.

"பிரேக்!" என்று கத்தினார் அத்தான்.

மாணவர்களிடம் கத்தும் கத்தல் அது. மூன்று பேரும் வலது காலைத் தரையில் ஊன்றினார்கள்.

"அது சாஸ் இல்ல மேடம். தலைக்குப் போடுறது. நான் செஞ்சதும் இல்ல. நான் செஞ்சது ஒண்ணு கருகிடுச்சு, இன்னொண்ணு நுரச்சிடுச்சு. இது என் சம்சாரம் செஞ்சு வச்சிட்டுப் போனது. அவ கையெழுத்தப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் யோசிக்கத் தோணல. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. இந்தப் பிள்ளைங்கள விட்டுடுங்க."

மகள் கரண்டியைப் பார்த்தாள். "அம்மா செஞ்சதா?" என்றாள், மெல்ல. கரண்டியில் இருந்ததைக் கீழே கொட்டவும் இல்லை, டப்பாவில் விடவும் இல்லை.

அந்த அம்மாள் எழுந்தார். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா..." என்றான் பையன். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அவர் அவனைப் பார்க்கவில்லை. சமையலறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

"மேடம், வாசல் இந்தப் பக்கம்!" என்று அத்தான் பின்னாலேயே ஓடினார்.

அவர் பார்லர் கதவின் முன்னால் நின்றார். அது மழைக்கு ஊதி இறுகும் பழைய கதவு. பிடியை மேலே தூக்கி, தோளால் ஒரு இடி இடித்து, அதே நேரம் இடது பக்கம் தள்ள வேண்டும். அத்தானுக்கே மூன்றாவது முயற்சியில்தான் திறக்கும். அந்த அம்மாள் ஒரே தூக்கு, ஒரே இடி. கதவு திறந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு துளி சிந்தவில்லை.

பார்லருக்குள் சாயக் கைகளை உயர்த்தியபடி திரும்பிப் பார்த்த சுருட்டை வாயைப் பிளந்தாள்.

"ஐயோ மேடம், நீங்களா! அக்கா இருந்தப்பதான் இந்தக் கதவ இடிச்சு ஃப்ரீசர் வரைக்கும் போனீங்க, தலையில வச்சத வழிச்சு வழிச்சுத் தின்னீங்க, இன்னுமா அந்தப் பழக்கம் போகல? இப்ப கிண்ணத்தோடயே வந்துட்டீங்க!"