இரண்டு விரல் தளர்வு

உடுப்பிட்டியில் வசிப்பவரும், கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராகப் பணிபுரிபவருமாகிய ஆழ்வாப்பிள்ளை, கனவு காண்பதற்கு உறக்கத்தை எதிர்பார்த்திருப்பவரல்லர். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதும், பண்டசாலையில் சீனி மூட்டைகளை எண்ணும்போதும் அவருடைய கண்கள் பாதி மூடியே இருக்கும். எண்ணிக்கை தவறினால் மீண்டும் முதலிலிருந்து எண்ணுவார். கனவு தவறினால் மட்டும் வருந்துவார்.

அயலவர் ஒருவர் கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற கால்மிதித் தையல் இயந்திரம் வீட்டுக்கு வந்தபின் அக்கனவுகளுக்கு ஓர் ஓடம் கிடைத்துவிட்டது. மிதிபலகையில் கால் வைத்தாரென்றால், தொண்டைமானாற்று நீரின்மேல் பாய் விரித்துப் போய்க்கொண்டிருப்பார். துணி முடிந்த பின்னும் சிறிது தூரம் வெறுமனே தைத்துக்கொண்டு போவதுமுண்டு.

விலைவாசி ஏறி, தையற்கூலி சேலையின் விலையை எட்டிப்பிடித்த காலத்தில் அவர் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டார். "நாங்கள் போடுறதை நாங்களே தைக்கவேணும்." பழைய படுக்கை விரிப்புகள் தலையணை உறைகளாயின. கிழிந்த சாறி யன்னற் சீலையாயிற்று. கோதுமை மா வந்த பைகள் தோளிலே தொங்கும் பைகளாகிச் சந்தைக்குப் போயின. தமக்கெனத் தைத்த சேட்டில் ஒரு கை மற்றதைவிட நீண்டிருந்தது. மணிக்கூடு கட்டாத கையென்று அதற்குக் காரணம் சொன்னார்.

இனி எஞ்சியிருந்தது ஓர் இலட்சியம். மனைவி சிவகௌரியின் தமையன் மகள் கீர்த்திகாவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு மனைவி உடுக்கவிருந்த வானநீலச் சாறிக்கான சட்டையைத் தாமே தைக்கவேண்டுமென்பது அவர் ஆசை.

சாறிச் சட்டை தைப்பது தலையணை உறை தைப்பது போன்றதன்று என்பதை அவர் அறிவார். ஆகவே, சனிக்கிழமை சிவகௌரி நெல்லியடிச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய மிகச் சிறந்த மரூன் சட்டையை எடுத்து, மாதிரி வெட்டுவதற்காகத் தையலைப் பிரித்துவிட்டார். கடுதாசியில் அழகாக மாதிரி வந்தது. சட்டைதான் மீண்டும் சட்டையாக வர மறுத்தது. அவள் திரும்பி வருமுன் அவசரமாகத் தைத்து அலுமாரியில் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில், தான் ஆசிரியையாக இருக்கும் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சிவகௌரியின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ! ஒருக்கால் உதைப் பாருங்கோ."

நிலைக்கண்ணாடியின் முன் அவள் நின்றாள். மரூன் சட்டை அவளைத் தொடாமல், மரியாதையாகச் சற்று விலகி நின்றது. சுற்றிவர இரண்டு விரல் தளர்வு.

"தோளிலை நிக்குதில்லை. கைக்குள்ளாலை காத்துப் போகுது."

உண்மையைச் சொல்வதற்கு ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"நான் மெலிஞ்சுபோனன், என்ன?" என்றாள் சிவகௌரி. அவள் முகம் மலர்ந்திருந்தது.

திறந்த வாய் வேறொன்றைச் சொல்லிற்று. "ஓம்… அப்பிடிப் போலைதான் கிடக்கு."

"போலை என்ன போலை! ஒவ்வொருநாளும் பாக்கிறதாலை உங்களுக்குத் தெரியேல்லை. கீர்த்திகாவின்ரை கலியாணத்திலை நான் முன்வரிசையிலை நிண்டுதான் படம் எடுப்பன். சொல்லிப்போட்டன்!"

உருவம் பருத்ததென்று வெட்கப்பட்டு, கலியாண வீட்டுப் படங்களிலெல்லாம் பிறர் தோளுக்குப் பின்னால் ஒளிபவள் அவள். உறவினரின் ஆல்பங்களில் அவளுடைய நெற்றியும் ஒரு முழம் பூவும் மட்டுமே இடம்பெற்றிருந்தன. இப்போது ஆழ்வாப்பிள்ளையின் கண்முன்னே வானநீல உடையில் அவள் முன்வரிசையில் நின்றாள். மணமக்கள் மங்கிப்போயினர். மண்டபத்தின் கூரை கலைந்து வெளியாகியது. எங்கும் நீலம்.

"என்ன, நிண்டபடி நித்திரையே? தேத்தண்ணி ஆறுது."

"இல்லை, இல்லை. நீர் முன்னுக்கு நில்லும்" என்றார்.

அலுவலகத்தில் இருக்கும்போதுதான் அடுத்த நாளைப் பற்றிய அச்சம் அவரைப் பிடித்தது. நாளைக்கு அவள் பச்சைச் சட்டையைப் போடுவாள். அது பழைய அளவில் இருந்து உண்மையைச் சொல்லிவிடும். மதிய இடைவேளையில் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து பச்சையைத் தளர்த்தினார். மறுநாள் ஊதா. அதன்பின் பூப்போட்டது. உண்மை பேசும் சட்டை ஒன்றேனும் அலுமாரியில் எஞ்சுதல் ஆகாது என்பது அவர் நிலைப்பாடு.

சிவகௌரி நாளொரு சட்டையாக மெலிந்துகொண்டு போனாள். வீட்டிலே அவள் வாய்க்குள் பாட்டொன்றை முணுமுணுக்கக் கேட்டு ஆழ்வாப்பிள்ளை தமது குற்றத்தை மறந்தார்.

ஆனால், இரு வாரங்கள் செல்லுமுன் ஒரு காலைப்பொழுதில் அவர் திடுக்கிட்டார். மரூன் சட்டை அவள் உடம்பில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. தாம் விட்ட தளர்வு எங்கே போயிற்று? அவருக்குத் தோன்றிய விடை ஒன்றே. மெலிந்துவிட்டோமென்ற துணிவில் அவள் கூடுதலாகச் சாப்பிட்டு நிஜமாகவே பருக்கத் தொடங்கிவிட்டாள்!

அன்று மாலை வடைத் தட்டு நடுவே இருந்தது.

"இஞ்சேரும், உந்த வடையைக் கொஞ்சம் குறைச்சால் என்ன?"

"ஏன்? மெலிஞ்சனான்தானே. இன்னும் மெலிஞ்சால் காத்துக்குப் பறந்துபோடுவன்" என்று சொல்லி அவள் இன்னொன்றை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கடித்தாள்.

ஆழ்வாப்பிள்ளை மரூனை மீண்டும் பிரித்துத் தளர்த்தினார். முன்னர் தாம் தளர்த்திய அதே இடத்தில், விட்டுக்கொடுப்பதற்குத் துணி இன்னும் மடிந்து கிடந்தது அவருக்கு வியப்பாக இருந்தது. நல்ல துணி அள்ள அள்ளக் குறையாது போலும் என்று நெகிழ்ந்து, அதை நெய்த முகமறியாத நெசவாளரை மனத்தால் வணங்கினார். அடுத்த வாரம் பச்சை இறுகிற்று, அதையும் தளர்த்தினார். பிறகு ஊதா. ஒருமுறை ஆர்வம் மிகுந்து பூப்போட்ட சட்டையின் பக்கவாட்டில் ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தார். அதனை அவள் அணிந்தபோது, உள்ளே இன்னொருவருக்கும் இடமிருந்தது.

"ஐயோ, நான் எலும்பும் தோலுமாப் போனன்!" என்று சிவகௌரி மகிழ்ச்சியோடு கூவினாள்.

அந்தச் சனிக்கிழமை கலியாணச் சாமான்கள் வாங்க இருவருமாக நெல்லியடிக்குப் போனார்கள். மருந்துக்கடை வாசலில் நிறை பார்க்கும் இயந்திரம் ஒன்று நின்றது.

"எவ்வளவு குறைஞ்சிருக்கிறன் எண்டு ஏறிப் பாப்பமே?" என்றாள் சிவகௌரி.

ஆழ்வாப்பிள்ளை பாய்ந்து அதன்மேல் தாம் ஏறிக்கொண்டார். ஏறியவர் இறங்கவில்லை.

"உது பழுது. முள்ளு ஆடுது."

"நேற்றுத்தான் புதுசா வாங்கினது அண்ணை!" என்றார் கடை முதலாளி பிரகாஸ்.

"புதுசெண்டால் அதுக்கு ஆக்களின்ரை பாரம் பழக்கமில்லை. கொஞ்சநாள் பழகட்டும்."

"அப்ப நீங்கள் அதிலை நிண்டு பழக்கப்போறியளே? எனக்கு யாவாரம் இருக்கு, இறங்குங்கோ அண்ணை."

சிவகௌரி சட்டென்று மறுபுறம் திரும்பி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. பாவம், ஏமாற்றத்தால் அழுகிறாள் என்று எண்ணி ஆழ்வாப்பிள்ளை வருந்தினார்.

வீடு திரும்பும் வழியில் அவள் அடுத்த இடியை இறக்கினாள்.

"நீலச் சட்டையை நீங்கள்தான் தைக்கவேணும். அளவை மட்டும் லூர்த்தம்மா எடுத்துத் தரட்டும். முந்தி எனக்குத் தைச்சவதானே, என்ரை பழைய அளவும் அவவுக்குத் தெரியும். நாளையிண்டைக்கு, திங்கட்கிழமை, போவம் எண்டிருக்கிறன்."

அளவு நாடா! அதற்கு இரக்கம் கிடையாது. அது உள்ளதை உள்ளபடியே சொல்லும். அதன்பின் பாட்டு நிற்கும். முன்வரிசை போகும். மீண்டும் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு நெற்றியும் ஒரு முழம் பூவும்.

அடுத்த நாளே, சங்கக்கடை அலுவலென்று சொல்லிக்கொண்டு ஆழ்வாப்பிள்ளை லூர்த்தம்மாவின் தையற்கடைக்குப் போனார். மாலை வெயில் வாசற் சீலையின் ஊடாக வடிந்து, தரையில் கிடந்த வெட்டுத் துண்டுகளையெல்லாம் பூவாக்கியிருந்தது. வேறொரு நாளென்றால் அதைப் பார்த்தபடியே நின்றிருப்பார்.

"வாங்கோ அண்ணை. இருங்கோ" என்று லூர்த்தம்மா கதிரையை இழுத்துப்போட்டாள்.

"இருக்க வரேல்லை, தங்கச்சி. எனக்கொரு உபகாரம் செய்யவேணும். நாளைக்கு ரீச்சர் அளவு குடுக்க வருவா. நீர் ரெண்டு இஞ்சு குறைச்சுச் சொல்லும்."

"ஏனண்ணை?"

"அவ மெலிஞ்சனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. மெலியேல்லை. நான்தான் சட்டையளை ஒளிச்சு ஒளிச்சுப் பெருப்பிச்சனான். இப்ப அவ உண்மையாவே கொழுத்துக்கொண்டு வாறா. நான் பெருப்பிக்கப் பெருப்பிக்க எல்லாம் இறுகுது. என்ரை கை ஓய்ஞ்சு போச்சு, பிள்ளை."

லூர்த்தம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"ரீச்சர் ஒரு நூலும் கூடவுமில்லை, குறையவுமில்லை அண்ணை. நீங்கள் பெருப்பிச்சு வைக்கிற சட்டையளைக் கிழமைக்குக் கிழமை இஞ்சை கொண்டந்து, பழைய அளவுக்குப் பிடிச்சுக்கொண்டு போறவ அவதானே!"

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் அமர்ந்தார். அள்ள அள்ளக் குறையாத துணியும், குலுங்கிய தோள்களும், மெதுவாகக் கடிக்கப்பட்ட வடையும் ஒவ்வொன்றாக அவர் முன்னே வந்து நின்று போயின.

"அப்ப, மெலிஞ்சனெண்டு சொன்னது?"

"தையல் பிழையெண்டு சொன்னால் மிசினை மூடி வைச்சிடுவியள் எண்டு பயந்தவ. மிசினிலை இருக்கேக்கை உங்கடை முகத்தைப் பாக்கிறது அவவுக்குச் சரியான விருப்பமாம்."

"படத்திலை முன்னுக்கு நிக்கிறதெண்டது?"

"அது மெய்தான். 'அவர் தைச்ச சட்டையை ஆக்களுக்குக் காட்டவேணும், லூர்த்தம்மா' எண்டவ. அதாலைதான் நீலத்தையும் நீங்கள் தைச்சு முடிய, திருத்துறதுக்கு ஒருக்கால் இஞ்சை கொண்டாறதெண்டு பேசிக்கொண்டு போனவ."

வாசலில் வெயில் நீலமாய்க் கரைந்துகொண்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளை எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அமைதியான குரலில் சொன்னார்.

"தங்கச்சி, நான் வந்ததை அவவுக்குச் சொல்லாதையும். இனி அவவை அலைக்கழிக்கிறேல்லை. நீலச் சட்டையைத் தைச்ச கையோடை, திருத்துறதுக்கு நானே உம்மட்டைக் கொண்டந்து தாறன்."