டவர் உத்தரவு தந்தால்தான் துடைப்பம்

காரைக்குடியில் விமானம் இறங்குவதில்லை. ஆனால் டவருக்குத் தெரியாமல் ஒரு விமானமும் எங்கள் ஊரைத் தாண்டியதில்லை. தாண்டியிருந்தால் அது கொக்காக இருக்கும்.

டவர் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்தவர் எங்கள் தெருமுனையில் லேமினேஷன் கடை வைத்திருக்கிறார். மெஷினுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, மலேசியாவில் இருக்கிற அவர் மச்சான் வாங்கிக் கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் பறக்கிற விமானமெல்லாம் அதன் திரையில் புள்ளியாக நகரும். எங்கிருந்து எங்கே, எவ்வளவு உயரம் என்று எழுத்து வேறு ஓடும். அது வந்தபின் அவருக்கு வேலையில் கண்ணே இல்லை. ஒருவருடைய பட்டச் சான்றிதழோடு பஜ்ஜி மடித்த தாளையும் சேர்த்து ஒட்டிவிட்டு, "ரெண்டும் இனிமே கிழியாது" என்றார்.

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு வைத்த பிறகும் கூட்டக்கூடாது. எங்கள் வீடுகளோ இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. பிள்ளை சிங்கப்பூரில் இறங்கிப் போன் போட்டபின் துடைப்பத்தை எடுத்தால் பாதி வீட்டிலேயே இருட்டிவிடும். டவர்தான் தீர்ப்புச் சொன்னார்: விமானம் கடற்கரையைத் தாண்டினாலே சேர்ந்த கணக்குத்தான். தெருவே ஒப்புக்கொண்டது. அவர் போனில் உத்தரவு கொடுத்தால்தான் குப்பை வெளியே வரும்.

போன மாதம் என் மகள் வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பினாள். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. எனக்குக் காலில் கட்டு. மைத்துனன்தான் திருச்சியில் ஏற்றிவிட்டான். பதினோரு மணிக்குக் கிளம்பிய விமானம். பன்னிரண்டாகியும் உத்தரவு வரவில்லை. பள்ளிக்கூடத்தையே மிரட்டுகிற என் மனைவி துடைப்பத்தைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே டவருக்குப் போன் போட்டாள். "போய்க்கிட்டிருக்கு டீச்சர்" என்று வைத்துவிட்டார். கேட்காத விமானத்துக்கே அரைமணி நேரம் விளக்கம் சொல்கிறவர் அவர். நொண்டிக்கொண்டே அவர் கடைக்குப் போனேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே குனிந்தால், திரையில் ஒரு புள்ளி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"இங்குட்டு உக்காருங்க சார். ஏதாச்சும் சின்னக் கோளாறா இருக்கும், எறக்கிச் சரிபண்ணி அனுப்புவாக. டீச்சர்ட்ட மட்டும் சொல்லிறாதீக."

குரலில் அத்தனை தைரியம். சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. எட்டுச் சுற்று எண்ணியிருந்தார். ஒன்பதாவதில் புள்ளி திருச்சிப் பக்கம் திரும்பி, கீழே இறங்கி, மறைந்தது. தரையை ஒட்டிப் போனால் பெட்டிக்குத் தெரியாது என்று அவரே சொன்னார். சொன்னதை அவரே நம்பின மாதிரி தெரியவில்லை.

போன் அடித்தது. மகள்தான். ஏதோ சிவப்பு விளக்கு எரிந்ததாம், திருச்சியிலேயே பத்திரமாக இறக்கிவிட்டார்களாம், வேறு விமானம் தருகிறார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் டவர் போனைப் பிடுங்கினார்.

"ஆத்தா, சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் கேட்க முடிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் மகளை அவர் அதற்குமுன் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் சான்றிதழ் ஒட்ட வந்தபோது. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தோம்.