நான் விழுங்கிய பதிவு எண்

சட்டத்தை மீறுகிறவர்கள் போலீசுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. என்னைப் போல வரிசையில் நின்று, ரசீதை பத்திரப்படுத்தி, ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்குத்தான் காக்கி நிறத்தைக் கண்டாலே ஓடி ஒளியத் தோன்றும். (ஒருமுறை தபால்காரரைப் பார்த்துக்கூட ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறேன்.) அப்படிப்பட்ட நான் பட்டப்பகலில் ஒரு காவல் நிலையத்தின் பின்சுவரைத் தாண்டிக் குதித்தேன் என்று சொன்னால் புதிதாகக் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் நம்புவார்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். தையல் பிசகிய ஷூவைத் திருப்பி அனுப்புவதும், தேறிய ஷூவின் பெட்டியில் லேபிள் ஒட்டுவதும் என் வேலை. அதனால் நம்பர் இல்லாத பொருளைப் பார்த்தாலே எனக்கு மனசு கேட்காது. என் வீட்டுக்காரர் பிரபு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவருக்கு நம்பர், பதிவு, கையெழுத்து எல்லாம் அலர்ஜி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் ட்ரோன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்ததும் பாலாற்று மணலுக்குப் போய் அதைப் பறக்கவிடுவோம். தண்ணீர் ஓடாத ஆறு எங்களுக்கு விமான நிலையமாக உதவியது.

ட்ரோன்களைப் பதிவு செய்து, கிடைக்கிற எண்ணை அதன்மேல் போட வேண்டும் என்று விதி வந்தபோது ட்ரோன் பிரியர்களான எங்கள் வாட்ஸப் குழு இரண்டாக உடைந்தது. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் நண்பர், "அடுத்தது பட்டத்துக்கும் நம்பர் கேப்பாங்க பாருங்க" என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "ஸ்கூட்டருக்கு இல்லியா? அது தலைமேல விழறதில்ல, இது விழும். நம்பர் வேணும்தான்" என்றார். எங்கள் வீட்டிலும் அதே சண்டைதான்.

"நாமளே நம்ம அட்ரஸ எழுதி போலீஸ் கையில குடுக்கறதா?" என்றார் பிரபு. "பொம்மைக்கு எதுக்கு ரிஜிஸ்டர்? பேஜார் புடிச்ச வேலை."

"காணாமப் போனா கண்டுபுடிச்சிக் குடுப்பாங்கல்ல?" என்றேன்.

என் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே, "ஆட்டுக்குக் காதுல தகடு மாட்ற மாதிரியா?" என்று கேட்டார்.

நான் யார் பேச்சையும் கேட்காமல் பதிவு செய்தேன். எண் வந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, கம்பெனி லேபிளிலேயே அதைப் பொடி எழுத்தில் அச்சடித்தேன். கப்பலில் போகிற பெட்டிகளில் ஒட்டும் ரகம் அது. மழை, உப்புக்காற்று எதற்கும் எழுத்து அழியாது. எண்ணோடு நிறுத்தியிருக்கலாம். "யார் கைக்காவது கிடைத்தால் கூப்பிட வசதியாக இருக்குமே" என்று என் பெயரையும் செல் நம்பரையும் சேர்த்து அடித்து, ட்ரோனின் வயிற்றில் ஒட்டினேன். அன்று முழுக்கக் குழுவில் நான் செய்த உபதேசத்தில் நாலைந்து பேர் குழுவைவிட்டே வெளியேறினார்கள்.

அந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து சிலரை இத்தாலியில் நடக்கும் ஷூ கண்காட்சிக்கு அனுப்புவதாக இருந்தது. அதில் என் பெயரும் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். விசாரணைக்குத் திங்கட்கிழமை காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி போன் வந்திருந்தது. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நான் இந்தக் கூத்தை அரங்கேற்றினேன்.

தோல் பதனிடும் ஷெட்டுகளில் தோலிலிருந்து சீவி எறியும் சதை ஜவ்வுக்காக எங்கள் பக்கம் பருந்துகள் அதிகம். அவற்றில் ஒன்று எங்கள் ட்ரோனைப் பார்த்து என்ன நினைத்ததோ, மேலிருந்து வந்து ஓங்கி ஓர் அறை அறைந்தது. ட்ரோன் தள்ளாடியது. நான் திருப்பப் பார்க்க, அது என் பேச்சைக் கேட்காமல் கரையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போனது. போன் திரையில் வேப்பமரம் ஒன்று சுழன்றது. பிறகு துருப்பிடித்த லாரிகள், மாட்டு வண்டிகள், வரிசையாகச் சாய்ந்து கிடந்த பைக்குகள். கடைசியாகக் கொடியில் காய்ந்த ஒரு காக்கிச் சட்டை பெரிதாகி, பெரிதாகி, திரை இருண்டது.

மணல் கடத்திப் பிடிபட்ட வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"போலீஸ் ஸ்டேஷனுங்க" என்றேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே ரோட்டோர டீக்கடையில் நின்று நிலவரம் பார்த்தோம். நிலையத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. "இன்னாண்ணே, ஸ்டேஷன் காலியா கீது?" என்று பிரபு சாதாரணமாக விசாரித்தார்.

"யாரோ பெரிய ஆளு ஹைவேல வர்றாராம். எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போய்ட்டாங்க" என்றார் டீக்கடைக்காரர். "காலையிலேயே மைக்ல சொல்லினு போனாங்களே, இன்னிக்கு ட்ரோன் கீன் எதுவும் பறக்க விடக்கூடாதுன்னு. கேக்கலியா?"

கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தேன். குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்தேன். பிரபு என்னை ஓரமாக இழுத்தார்.

"விட்ருமா. போனா போவுது. யார்துன்னு எவனுக்குத் தெரியப் போவுது?"

சொல்லி முடித்ததும் அவரே நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எண், பெயர், செல் நம்பர், மூன்றும் அழியாத மையில் அங்கே கிடந்தன. அந்த நொடியில் என் பையிலிருந்த போன் அடித்தது. நான் போட்ட கூச்சலில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். அழைத்தது மாமியார். சாயங்காலத்துக்கு வடை போடட்டுமா என்று கேட்டார்.

அதன்பிறகு என் மூளை வேலை செய்யவில்லை. கைவிலங்கு தெரிந்தது. கம்பெனி வாசலில் என் போட்டோ தெரிந்தது. இத்தாலிக்குப் போகிற விமானம் என்னை விட்டுவிட்டுப் போவதும் தெரிந்தது. லேபிளை மட்டும் உரித்துவிட்டால் போதும், ட்ரோன் அவர்களிடமே இருக்கட்டும் என்று தோன்றியது. ஆற்றுப் பக்கம் நிலையத்தின் பின்சுவர் பாதி இடிந்து கிடந்தது.

"நீ போ ஹெலன்" என்றார் பிரபு. "பொம்பளைன்னா ரெண்டு திட்டு திட்டி விட்ருவாங்க. என்னைன்னா உள்ள வச்சிடுவாங்க. அதுவுமில்லாம எனக்கு முட்டி வலி." (முட்டி வலி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அன்றைக்கே போய்விட்டது.)

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினேன். அந்தப் பக்கம் குதித்ததும் மாட்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் அதைக் கும்பிட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டது. ஒரு டிராக்டர் டிப்பரில், தார்ப்பாய்மேல், ட்ரோன் மல்லாந்து கிடந்தது. எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி என் பெயர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். தரமான லேபிள். லேசில் வரவில்லை. சபித்துக்கொண்டே சுரண்டி, ஒருவழியாக முழுசாக உரித்து எடுத்தபோது பின்கதவு திறந்தது.

ஒரு பெண் போலீஸ், கொடியில் காய்ந்த சட்டையை எடுக்க வந்திருந்தார்.

"ஏய்! யாரது?"

நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். கை தானாக வாய்க்குப் போனது. லேபிள் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, பிறகு முரண்டு பிடித்துக்கொண்டே இறங்கியது.

"இன்னாத்த முழுங்கின? வாயத் தொற!" அவர் ஓடிவந்தார். என்னைவிட அவர் முகம்தான் அதிகமாக வெளுத்திருந்தது. "ஐயோ, ஸ்டேஷனுக்குள்ள வந்து எதையோ முழுங்கிட்டாளே! விஷமா? சொல்லுமா, விஷமா?"

"லே... லேபிள் மேடம்."

"லேபிளா? அது இன்னா மாத்திரை?"

விளக்க முயன்றேன். தொண்டையிலிருந்து விக்கல்தான் வந்தது. "விஷம்" என்ற சொல் சுவரைத் தாண்டிப் பிரபுவின் காதில் விழுந்திருக்கிறது. முட்டி வலிக்காரர் ஊரைச் சுற்றிக்கொண்டு, "ஹெலன்! ஹெலன்! என் பொண்டாட்டி!" என்று அலறியபடி நிலையத்தின் முன்வாசல் வழியாக ஓடிவந்தார். அந்த அழுகையைப் பார்த்ததும் பெண் போலீசுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. என்னை உட்காரவைத்து, ஒரு சொம்பு நிறைய உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றினார். "குடிமா. இங்க எதுவும் ஆயிடக் கூடாதும்மா. எனக்கு ரெண்டு கொழந்தைங்க" என்றார். அவரும் அழுதார். பிரபு என் முதுகைத் தட்டினார். நான் குடித்தேன். வேப்பமரத்தடிக்கு ஓடினேன்.

லேபிள் வெளியே வந்தது. லத்தி நுனியால் அதை நிமிர்த்தி வைத்துப் படித்தார் அவர். ஓர் எழுத்துகூட அழியவில்லை. என் தரக்கட்டுப்பாட்டு வாழ்க்கையில் ஒரு பொருளின் தரத்துக்காக நான் வருந்தியது அன்று ஒருநாள்தான்.

அவர் படித்ததையும் டிப்பரில் கிடந்த ட்ரோனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஹெலன். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு நாளைக்கு வரச் சொல்லியிருந்த ஹெலன் நீதானா?"

தலையாட்டினேன்.

"நாளைக்கு வரச் சொன்னா இன்னிக்கே வந்துட்ட. அதுவும் பின்பக்கமா."

பந்தோபஸ்து முடிந்து இன்ஸ்பெக்டர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதற்காகவும் நான் ஜெபித்ததில்லை. அவர் வந்தார், தொப்பியைக் கழற்றினார், எல்லாவற்றையும் கேட்டார். பிரபுவின் போனிலிருந்த பதிவுச் சான்றையும், காகிதத்தில் பரப்பி வைத்திருந்த லேபிளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நம்பர்லாம் கரெக்டா கீதே" என்றார். "ஒழுங்கா ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்க. முன்வாசல்ல வந்து, தடை போட்டது தெரியாது சார், பருந்து அடிச்சி விழுந்துடிச்சின்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது. எதுக்கும்மா முழுங்கினீங்க?"

"பயம் சார்."

"இன்னா பயம்?"

நான் காகிதத்திலிருந்த லேபிளையே பார்த்தேன். இன்ஸ்பெக்டர் எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். ட்ரோன் பிறகு திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது, ஆனால் கம்பெனிக்காரர்கள் இத்தாலிக்குப் போய்த் திரும்பிய பிறகு. எனக்காக ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு சிரித்தேன். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

எங்கள் குழுவில் பதிவு விவாதம் இன்னும் ஓயவில்லை. இரு தரப்புக்கும் இப்போது நானே உதாரணம். வாத்தியார், "நம்பர் இருந்ததாலதான் அந்தம்மா தப்பிச்சாங்க" என்கிறார். லுங்கி வியாபாரி, "நம்பர் இல்லன்னா அந்தம்மா சுவரே ஏறியிருக்க மாட்டாங்களே" என்கிறார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. பிரபு சத்தமில்லாமல் கடையில் கிடந்த தன் பழைய ட்ரோனையும் பதிவு செய்துவிட்டார். எண்ணை ட்ரோனின் உடம்பிலேயே செதுக்கி வைத்திருக்கிறார். அதை யாராலும் விழுங்க முடியாது.

அவர்களையாவது தாங்கிக்கொள்ளலாம். மாமியாரைத்தான் முடியவில்லை. வீட்டில் டிவி ரிமோட்டோ, பீரோ சாவியோ, கேஸ் புக்கோ எது காணாமல் போனாலும் அவர் தலையணைக்கு அடியிலும் அலமாரியிலும் தேடுவதில்லை. விருந்தாளிகள் இருந்தாலும் சரி, நேராக என் முன்னால் வந்து நிற்கிறார்.

"ஹெலன், வாயத் தொற பாக்கலாம்."