ஆய்வாளர் வீட்டு மழை

மழைமானியில் ஒரு சொட்டுகூட இல்லை.

காலையிலிருந்து கொட்டிய மழையில் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. எதிர்வீட்டுத் தையல்காரர், மிதந்துபோன தன் செருப்பைக் குடைக்காம்பால் இழுத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளரோ வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மானியின் புனலைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். செத்த எறும்பு ஒன்று காய்ந்து கிடந்தது.

"அடியில ஓட்டை இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஓட்டை இருந்தா ஈரமாவது இருக்கணும்ல?" என்றாள் மனைவி. "சன்ஷேடுக்கு அடியில கொண்டுபோய் வெச்சிருக்கீங்க. மழை எப்படிங்க உள்ள விழும்?"

"புது சாமான். நனைஞ்சா துருப்பிடிச்சிடாதா?"

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டதால், தலையில் அடித்துக்கொள்வதை எல்லாம் மனைவி எப்போதோ நிறுத்திவிட்டாள். அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஆய்வாளர் என்பது பழைய உத்தியோகம். எடை, அளவு பார்க்கும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கடைக்காரர்களை நடுங்க வைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. அதை உரித்துப்போட அவருக்கும் மனசில்லை. "அளவு விஷயத்துல என்னை ஏமாத்த இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்," என்று தினம் ஒருமுறையாவது சொல்வார். கேட்பதற்கு மனைவியை விட்டால் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவரின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவன், நாலு தெரு தள்ளி சைக்கிள் கடை வைத்திருக்கும் மச்சினன். கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஒரு கம்பு நட்டு, கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதில் மாட்டியிருந்தான். தினமும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் மழை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். மறுநாள் பேப்பரிலும் ஏறக்குறைய அதே எண் வரும். சொந்தக்காரர்கள் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். பஞ்சர் ஒட்டுகிறவன் மழையை அளப்பதாம், அளவையே கரைத்துக் குடித்தவர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பதாம்!

போன வாரம் ஒருநாள் பொறுக்க முடியாமல், மழைமானி விற்கும் கடைக்குக் கிளம்பிவிட்டார். கடைக்காரரும் அதே பிளாஸ்டிக் குழாயைத்தான் எடுத்து நீட்டினார்.

"வெட்டவெளியில ஒரு கம்புல மாட்டினா போதும் சார். கோட்டைப் பாத்துப் படிச்சிக்கலாம்."

"இது பிள்ளைங்க விளையாட்டுச் சாமான். கனமா ஏதாவது காட்டுங்க."

கனமாக ஒன்று வந்தது. மேலே புனல், உள்ளே பாத்திரம், பளபளவென்று இரும்பு. ஆய்வாளர் கையில் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"இதுக்குத் தனியா ஒரு அளவுக் கண்ணாடி இருக்கு சார். புனல் வாய் எவ்வளவு அகலமோ அதுக்குக் கணக்குப் பண்ணிக் கோடு போட்டது. அது இல்லாம..."

"எனக்கேவா?" ஆய்வாளர் கையை உயர்த்தினார். "ஒண்ணு கேட்டா ரெண்டைத் தலையில கட்டுற வேலை எல்லாம் என்கிட்ட வேணாம். அளவு எங்க வீட்லயே இருக்கு."

வீட்டில் இருந்தது இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி. பத்து மில்லி என்று அதில் கோடு போட்டிருந்தது. மில்லிக்கு மில்லி சரியாகப் போயிற்று என்று ஆய்வாளர் அத்தோடு அந்தக் கணக்கை முடித்துக்கொண்டார்.

சன்ஷேடு காலை வாரிவிட்ட பிறகு, மேலே எதுவுமே இல்லாத இடமாகத் தேடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மானியை ஏற்றினார். அடுத்த மழையில் பதினாறு மூடி தண்ணீர் கிடைத்தது. நூற்றறுபது! மச்சினனின் குழாயில் இருபது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "இத்தனை வருஷமா மழை விஷயத்துல ஊரையே ஏமாத்தியிருக்கானுங்க."

குடும்பக் குழுவில் நூற்றறுபதைப் போட்டார். கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை. மச்சினன்தான் நேரில் வந்தான்.

"அத்தான், நூத்தறுபது பெய்ஞ்சிருந்தா உங்க வாசல்ல படகு விட்டிருப்பாங்க."

"உன் பிளாஸ்டிக் குழாய்க்கு என்னடா தெரியும்?"

"சரி. ஆபீசுக்கே எழுதுங்க. வானிலைக்காரங்க வந்து பாத்து, உங்க வீட்டு மானிதான் சரின்னு சொன்னா, என் குழாயைக் கழட்டித் தூரப் போட்டுடறேன்."

"சொல்லலைன்னா, நான் சாகற வரைக்கும் மழையைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். போதுமா?"

"பேச்சு மாறக் கூடாது," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதில் ஒரு ஏக்கம் இருந்தது.

வானிலை அலுவலகத்துக்கு ஆய்வாளர் கடிதம் எழுதினார். பதில் இல்லை. இரண்டாவது எழுதினார். மூன்றாவதில் அவர்களுக்கு அளவு என்றால் என்னவென்று நாலு பக்கம் பாடம் நடத்தினார். அதற்கும் பதில் இல்லை.

இதற்கிடையில் காற்றோடு ஒரு மழை வந்து, மானியை உச்சியிலிருந்து உருட்டித் தள்ளியது. செங்கல் முட்டுக்கொடுத்து மறுபடி நிறுத்தும்போது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மழை சாய்ந்துதானே வருகிறது, மானி மட்டும் ஏன் நிமிர்ந்து நிற்க வேண்டும்? மழை வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கட்டினார். அப்படியும் காற்று அதை ஆட்டியது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார். தகரத்தில் அடித்த மழை எல்லாம் தெறித்துப் புனலுக்குள் விழ, அடுத்த தடவை முப்பத்தோரு மூடி வந்தது.

"முன்னூத்திப் பத்து!" என்று மாடியிலிருந்து கத்தினார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "என்ன சார், ஏலமா?"

தகரம் வந்ததும் காக்கைகளுக்கு உட்கார வசதியாகிவிட்டது. புனலுக்குள் அவை விட்டுப்போனதை அளவில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆய்வாளர் ஒருநாள் முழுக்க யோசித்தார். கடைசியில் மனைவியின் மாவுச் சல்லடையை எடுத்துப்போய்ப் புனலின் மேல் கம்பியால் கட்டினார்.

"சல்லடை எங்கே?" என்றாள் மனைவி.

"ஆராய்ச்சியில இருக்கு."

மூட்டுவலி வந்ததால் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மாடி ஏற முடிந்தது. அதற்குள் வெயில் பாதித் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். மேலே எண்ணெய் மிதந்தால் தண்ணீர் ஆவியாகாது என்று எங்கோ படித்த ஞாபகம். இரண்டு சொட்டு விட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயை ஊற்றினார். அந்த வாரம் மழையே இல்லை. ஆனாலும் ஏறிப்போய் மூடியால் அளந்து, நாற்பது மில்லிமீட்டர் என்று குழுவில் போட்டார்.

"அத்தான், வெயில் மண்டையைப் பொளக்குதே?" என்று மச்சினன் கேட்டிருந்தான்.

"உங்க தெருவுல பொளக்கும்," என்று பதில் போனது.

எண்ணெய்க்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பொடி போட்டார். பொடிக்கு மனைவி கும்பிடு போட்டாள்.

எட்டாவது கடிதத்தோடு, மானியை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்து அனுப்பினார். ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தது. படங்களைப் பார்த்தார்களாம். அதிகாரி அம்மா நேரில் வந்து பார்க்க விரும்புகிறாராம். கூடவே புகைப்படக்காரரும் வருகிறாராம்.

ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொன்னார். சைக்கிள் கடைக்குத் தானே நடந்து போய், "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு. வரும்போது ஸ்பேனர் எடுத்துட்டு வா. குழாயைக் கழட்டணும்ல?" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மாடி நிறைந்துவிட்டது. அதிகாரி அம்மா அதிகம் பேசாதவர். தொட்டியின் ஏணியில் ஏறி, மானியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு இன்னொரு சுற்று. கையிலிருந்த தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

"இந்தத் தகரம் நீங்களே அடிச்சதா சார்?"

"நானேதான். ஆள் வைக்கல."

"சாய்ச்சுக் கட்டினதும்?"

"என் சொந்த யோசனை."

அதிகாரி அம்மா சல்லடையைத் தூக்கி உள்ளே விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன. "எண்ணெய்! இவ்வளவு எண்ணெயா! எதால சார் அளக்கறீங்க?"

ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினார். அதிகாரி அம்மா அதை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் ஏதோ பெரிய சந்தோஷம் ஓடியது.

"சார், எதையும் மாத்திடாதீங்க. ஒரு ஆணிகூட நகரக் கூடாது," என்றார் அவர். "இந்த மாதிரி ஒரு வீடு கிடைக்காதான்னு ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கோம்."

கேமரா பளிச் பளிச்சென்றது. ஆய்வாளர் தகரத்தின் மேல் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக நின்று கொடுத்தார்.

"உங்க வீட்டுப் படம் புத்தகத்துல வருது சார். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அனுப்பப் போறோம். அதுல எந்தப் பாடம்னா..."

"எந்தப் பாடமா இருந்தா என்னம்மா!" ஆய்வாளர் யாரையும் வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. "படிக்கிற பிள்ளைங்களுக்குப் பிரயோஜனப்பட்டாச் சரி. எங்கே கையெழுத்துப் போடணும்?"

முப்பத்திரண்டு வருஷம் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், அன்றைக்குத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரு கைதட்டியது. மச்சினன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"தோத்துட்டேன் அத்தான். குழாயை நீங்களே கழட்டுங்க."

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கும் கலங்கியது, இனி மழைப் பேச்சு ஓயாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அதிகாரி அம்மா வண்டியில் ஏறிவிட்டார். புகைப்படக்காரர் வாசலில் குனிந்து முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். தெருவே பின்னால் நிற்க, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஆய்வாளர் குரலை உயர்த்தினார்.

"ஏன் தம்பி, புத்தகத்துல எனக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவீங்கள்ல?"

"ஒரு பக்கமா? 'மழைமானி வைப்போர் செய்யும் தவறுகள்' பாடம் முழுசும் நீங்கதான் சார்," என்றார் அவர், முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டே. "ஆறு தப்புக்கு ஆறு வீடு தேடி அலையணுமேன்னு இருந்தோம், புண்ணியவான், எல்லாத்தையும் ஒரே தொட்டி மேல வெச்சிருக்கீங்க."