தொங்கு பாலத்துக்கு முந்திய நிறுத்தம்

என் மனைவியின் தம்பி பொன்னுசாமியைக் கோழை என்று கொல்லிமலையை நம்பவைத்தவன் நான். அவன் கோழை இல்லை, நான்தான் கோழை. கல்லூரியில் காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவன், பெரிய பெரிய படைகள் ஏன் தோற்றன என்று காரணம் சொல்லித் தந்தவன், ஒரு பாலத்துக்குப் பயந்து, அந்தப் பயத்தைத் தூக்கி மச்சினன் தலையில் வைத்துவிட்டேன்.

எங்கள் ஒரே மகள் பிரான்சில் இருக்கிறாள். அங்கே பேரனுக்குக் காது குத்த ஏற்பாடு செய்தார்கள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மகளுக்கோ கூடப் பிறந்தவர்கள் இல்லை. முறைக்குத் தன் தம்பியாவது வந்தே ஆக வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். அப்படித்தான் பொன்னுசாமி எங்களோடு விமானம் ஏறினான்.

அவன் மிளகு பறிக்கிறவன். எங்கள் மலையில் மிளகுக்கொடி உயரமான சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும். கணுக்களை மட்டும் படியாக விட்டுச் சீவிய ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து அதில் ஏறுவார்கள். உச்சியில் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறு கையால் பறிக்க வேண்டும். பொன்னுசாமி அங்கே நின்றபடி கீழே இருப்பவர்களோடு ஊர்க்கதை பேசுவான். விமானத்தில் பெல்ட்டை மாட்டியதும் தூங்கிவிட்டான். நான் வழிநெடுக இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். (யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாமா?)

காது குத்து நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்புவதற்கு முன் எங்களை ஒரு மலை ரயிலில் ஏற்றிக் காட்டுவதாக மருமகன் சொன்னார். பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலையில் ஓடுகிற சின்ன ரயில் அது. மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். மஞ்சள் ரயில் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நான் சும்மா ஏறி உட்காருகிற ஆளா? பரீட்சைக்குப் படிப்பதுபோல அந்தப் பாதையின் சரித்திரத்தை உட்கார்ந்து படித்தேன். என் கேடுகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

வில்ஃப்ரான்ஷ் என்ற பழைய கோட்டை ஊரில் ரயில் கிளம்பும். ஆற்றோடு ஒட்டி மேலே ஏறி, மோன் லூயி என்ற இன்னொரு கோட்டை ஊரைத் தொட்டு, ஃபோன் ரொமூ வழியாக மேட்டுச் சமவெளியைக் கடந்து, எல்லைக்குப் பக்கத்தில் லத்தூர் த கரோலில் முடியும். மேலே இருந்த மலைக்காரர்கள் குளிர்காலத்தில் கீழே வர வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்த காலத்தில் போட்ட பாதை. (சாலை வருவதற்கு முன் நம் மலை இருந்த நிலைதான், பனி மட்டும் கூடுதல்.) இந்த ரயிலுக்காகவே மலைமேல் அணை கட்டி மின்சாரம் எடுத்தார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஓர் இரும்புப் பட்டை போகிறது. மின்சாரம் ஓடுவது அதில்தான். வழியில் இரண்டு பெரிய பாலங்கள். ஒன்று கல்லில் கட்டியது, இரண்டு அடுக்கு. மற்றது கம்பிகளில் தொங்குவது. அதன் மேல்தான் ரயில் போகும்.

கைக்குழந்தையோடு மகள், மருமகன், என் மனைவி மூவரும் காரில் மோன் லூயிக்குப் போய்ச் சாப்பாட்டோடு காத்திருப்பது என்று முடிவானது. நானும் பொன்னுசாமியும் ரயில் ஏறினோம். கோடைக்காலம். கூரை இல்லாத பெட்டி கிடைத்தது.

“ஏனுங்க மாமா, தலைக்கு மேல ஒன்னையும் காணோமுங்க?”

“வேடிக்கை பார்க்கறதுக்கு மாப்ளே. திறந்த பெட்டி.”

“கரும்பு லாரியாட்டவே இருக்குதுங்க” என்று சொல்லி ஓரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். மலைக்காரர்கள், அணை, மின்சாரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரயில் மலையைச் சுரண்டிக்கொண்டு ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. கல் பாலம் வந்தபோது பொன்னுசாமி எழுந்து எட்டிப் பார்த்து, “மாமா, அடியில ஒரு பாலம், அதும்மேல நம்ம பாலமுங்க” என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் விழுந்துவிடுவான் என்று இல்லை. பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

“அடுத்தாப்ல என்னங்க வருது?”

“தொங்கு பாலம்” என்றேன். சொன்ன கையோடு, படித்ததில் ஒரு பக்கம் அப்படியே கண்முன் வந்து நின்றது. ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பாலத்தைச் சோதித்த நாளில், சோதனைக்கு வந்த ரயில் சரிவில் தானாக ஓடிக் கவிழ்ந்துவிட்டது. பாலத்தை வடிவமைத்த பொறியாளரே அதில் செத்துப்போனார். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அந்த வரி ஞாபகத்துக்கு வரவில்லை. செத்தவர் மட்டும்தான் வந்தார். கட்டியவனையே விடாத இடம் சரித்திர வாத்தியாரை விடுமா?

பக்கத்தில் பொன்னுசாமி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பாதையில் சின்ன நிறுத்தங்களில் கேட்டால்தான் ரயில் நிற்கும். நம் மலை பஸ்ஸில் “முன்னாடி எறங்கோணுங்க” என்று குரல் கொடுப்பதைப் போல. பாலத்துக்கு முன்னால் அப்படி ஒரு நிறுத்தம் உண்டு என்பதும் நான் படித்ததுதான். டிக்கெட் பார்க்கிற பெண் எங்களைக் கடந்து போனாள். நான் அவளை மறித்தேன். இறங்க வேண்டும் என்றேன் ஆங்கிலத்தில். ஏன், அங்கே ஒன்றுமே இல்லையே என்றாள். என் கை என்னைக் கேட்காமலே நீண்டு பொன்னுசாமியைக் காட்டியது.

“இவருக்கு உடம்பு முடியவில்லை. உயரம் என்றால் பயம்.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஒரு வயதான அம்மாள் கைக்குட்டையை நனைத்து அவன் நெற்றியில் வைத்தாள். இன்னொருவர் அவன் வாயில் ஒரு சர்க்கரைக் கட்டியைத் திணித்தார்.

“மாமா, இவிய என்னங்க பண்றாங்க என்னைய?”

“பேசாம இரு மாப்ளே. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோ.”

சாய்த்துக்கொண்டான். அவன் அப்படிப்பட்டவன்.

இறங்கினோம். ஆள் அரவமே இல்லை. அப்போது அந்த மூன்றாவது இரும்புப் பட்டை ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்தத்துச் சுவரோடு முதுகை ஒட்டவைத்து நின்றுவிட்டேன். பொன்னுசாமி பக்கத்து மேட்டில் ஏறினான். அங்கிருந்து மரங்களுக்கு மேலே பாலத்தின் கம்பிகள் தெரிந்தன போலிருக்கிறது. ரயில் அதைக் கடந்து போவதை வாயில் சர்க்கரைக் கட்டியோடு பார்த்துக்கொண்டே நின்றான்.

“ஆடக்கூட இல்லீங்க மாமா” என்றான் இறங்கி வந்து. “அதும்மேல போவோணும்னு ஆசையா இருந்தேனுங்க.”

“இதை யார்கிட்டயும் சொல்லிடாதே மாப்ளே.”

“நான் ஏனுங்க சொல்றேன்.”

போனில் மகள் பதறினாள். “அப்பா, யாருக்கு என்ன ஆச்சு?” அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “மாமாவுக்குத் தலை சுத்திருச்சு கண்ணு” என்றேன். காரில் வந்து இறங்கிய என் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மரம் ஏர்றவனுக்கு ரயில்ல உக்கார முடியலியாடா? ஊருல சொன்னாச் சிரிப்பாங்க.” அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஆமாக்கா” என்றான்.

ஊரில் சிரித்தார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே செய்தி போன் வழியாக மலை ஏறிவிட்டிருந்தது. பொன்னுசாமி கடைக்குப் போனால் யாராவது வாயால் ரயில் ஊதுவார்கள். முதலில் எனக்குப் பயம், அவன் எங்கே சொல்லிவிடுவானோ என்று. ராத்திரி தூக்கமில்லை. நாளாக நாளாகத்தான் தெரிந்தது, அவன் சொல்லவே மாட்டான். அது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

தை மாதம் மிளகுப் பறிப்பு தொடங்கியது. ஒருநாள் தோட்டத்துப் பக்கமாகப் போனவன் நின்றுவிட்டேன். மரத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பொன்னுசாமி கீழே பெண்களோடு குனிந்து, உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவனிடம் அன்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “வேண்டாம் சாமி. தலை சுத்துற கோளாறு இருக்கறவன ஏத்திவுட்டு, நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

அவன் உயிருக்குப் பயந்துதான் சொல்கிறார். இல்லாத கோளாறைக் கொடுத்தவன் நான். அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். பயந்தது நான், இறக்கிவிடச் சொன்னது நான், பழியை அவன்மேல் போட்டதும் நான்.

மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், “பாருங்க, மச்சினனுக்காகச் சாரு எப்படிப் பழியத் தாம்மேல போட்டுக்கறாருன்னு” என்றாள். “படிச்சவிய படிச்சவியதான்” என்றார் குத்தகைக்காரர், கண் கலங்க. நான் மேலும் மேலும் சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

என் பயத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள், வேறு வழி தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சும்மா சாய்ந்திருந்த ஒரு மூங்கிலைப் பிடித்து ஏறினேன்.

எத்தனை கணு ஏறினேன் என்று கேட்காதீர்கள். அதிகம் இல்லை. மூங்கில் ஒரு தரம் லேசாகத் திரும்பியது. கீழே பார்த்தேன். அத்தோடு சரி. இரண்டு கைகளும் மூங்கிலைக் கட்டிக்கொண்டன, கண் மூடிக்கொண்டது. “எறங்குங்க சாரே” என்று கீழே கத்தினார்கள். என்னால் வாயைக்கூடத் திறக்க முடியவில்லை. கழுதை கத்துவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. (எங்கிருந்தோ என்று நினைத்தேன்.)

மூங்கில் கொஞ்சம் அழுந்தியது. காதுக்குப் பக்கத்தில் பொன்னுசாமியின் மூச்சு.

“கண்ணைத் தொறக்காதீங்க மாமா. கைய மட்டும் என் தோளுக்கு மாத்துங்க. வுழ மாட்டீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கீழ போயி மயக்கம்னு சொல்லிரட்டுங்களா? வெயிலுன்னு சொன்னா நம்பிருவாங்க” என்றான்.

அந்த நிலையிலும் என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான். சர்க்கரைக் கட்டியோடு மேட்டில் நின்ற அவன் முகம் கண்ணுக்குள் வந்தது.

“வேண்டாம் மாப்ளே. பயம்னே சொல்லு.”

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை முதுகில் ஒட்டவைத்து, ஒரு கையால் என்னையும் மறு கையால் மூங்கிலையும் பிடித்தபடி அவன் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். தரையில் விட்ட பிறகும் நான் அவன் கழுத்தை விடவில்லை. குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு அவனிடம் தலைக்கு மேலிருந்த மரத்தைக் காட்டி, “அந்த உச்சிக்கொடி பாக்கி நிக்குது சாமி” என்றார்.

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி இலையைப் போட்டாள், சோற்றை வைத்தாள். “ரசம் ஊத்தட்டுங்களா, இல்ல அதுக்கும் பயமுங்களா?” அதற்குப் பிறகு வெகுநாள் அவ்வளவுதான் பேச்சு.

வாயால் ஊதும் ரயில் இப்போது எனக்கு. பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு வந்தால் கண்டக்டர் என் பக்கம் குனிந்து, “பாலம் ஏதும் இல்லீங்க சார், தைரியமா உக்காருங்க” என்பார். நியாயம்தான்.

அடுத்த கோடையில் பொன்னுசாமியை அக்காவோடு மறுபடி அனுப்பிவைத்தேன். நான் போகவில்லை. அவன் பாலத்தைக் கடப்பதை மகள் வீடியோ எடுத்து அனுப்பினாள். அதே கூரையில்லாத பெட்டி. அவன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சின்ன நிறுத்தம் வருகிறது. யாரும் கேட்கவில்லை, ரயில் நிற்காமல் போகிறது. பொன்னுசாமி கேமராவைப் பார்த்துத் திரும்புகிறான். இத்தனை நாளில் அவன் என்னைக் கிண்டல் செய்தது அந்த ஒரு தரம்தான்.

“மாமா, உங்க எடம் வந்துருச்சுங்க. நீங்க எறங்கிக்குங்க, நான் போயிட்டு வாரேன்.”

எங்கள் வீட்டில் ரத்தப் பரிசோதனை என்றாலும், பல் பிடுங்குவது என்றாலும், என்னைப் பார்த்து யாராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. பாலத்தின் மேல் அவன் எப்படிச் சிரித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை அடிக்கடி போடுகிறேன். அவன் இறங்கிக்கொள்ளச் சொல்கிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.